அழிக்கும் முன் பெயர் கேட்ட கம்ப்யூட்டர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது 1998 ஐப்பசியில், காரைக்குடியில். அடைமழைக் காலம்.

நான் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டைகளுக்கு மார்க்கு போடுகிறேன். தகரத்தில் வெட்டிய எழுத்துகளைச் சாக்கின் மேல் வைத்து மையைத் தடவினால், மூட்டைக்கு உரியவரின் பெயர் விழும். இங்கிலீஷ் எழுத்துகளை நான் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தத் தகரங்களில்தான். அவித்த நெல்லின் ஆவி நாளெல்லாம் மில்லுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். எதிரே நிற்கிற ஆள்கூட மேகத்துக்குள் நிற்பது போலத் தெரிவார். அதிகம் பேசாத எனக்கு அந்த இடம் பிடித்துப் போனதில் ஆச்சரியமில்லை.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பழைய சாக்கை எடுத்தால், உள்ளே கையை விட்டு உதறிப் பார்க்காமல் புது அரிசியைக் கொட்டக் கூடாது. ஒரு முறை அப்படி உதறும்போது ஒரு குழந்தையின் ஒற்றைக் கொலுசு விழுந்தது. சாக்கில் மங்கிக் கிடந்த பழைய மார்க்கை வைத்து ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்கு வழக்கமாக அரிசி கொண்டுபோய் இறக்குவேன். ஐயாவும் அவர் மனைவி ஆச்சியும் மட்டும்தான் அந்த வீட்டில். ஐயா மலேசியாவில் கடை வைத்திருந்து, வயதானபின் ஊர் திரும்பியவர். அந்த வீட்டில் முதலில் நமக்குத் தெரிவது ஆச்சியின் குரல்தான். ஆள் எங்கோ பின்கட்டில் இருப்பார். குரல் மட்டும் இரண்டு முற்றம் தாண்டி வந்து, மூட்டையை எங்குட்டு இறக்க வேண்டும் என்று சொல்லும். கொஞ்சம் கனமான, சிரிப்பு கலந்த குரல். எனக்குக் கூச்சம் அதிகம் என்பதால் நிமிர்ந்து பார்த்துப் பேசியது கிடையாது. ஆனால் அந்தக் குரலை எங்கே கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

அந்த ஆச்சிக்குத் தொண்டையில் நோய் வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தது, குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு ஆச்சி யாரையாவது கூப்பிட வேண்டுமானால் வெண்கலத் தட்டில் கரண்டியால் தட்டுவார்.

அந்த நேரத்தில்தான் என் மகளுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. காலேஜில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். நான் யாரிடமும் கேட்கவில்லை. மில்லில் யாரோ சொல்லி ஐயா காதுக்குப் போய், அவரே கூப்பிட்டு அனுப்பினார். மலேசியாவில் வாங்கிய லேப்டாப் ஒன்று, துணி சுற்றிப் பெட்டிக்குள் இருந்தது. விலை எனக்குக் கட்டுப்படியாகும்படிதான் சொன்னார். ஆனால் கொடுக்கும்போது அவர் கை அதன் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

“இதுக்குள்ளதான் ஆச்சி பேச்சப் பிடிச்சு வச்சிருந்தேன் தம்பி. ஆபரேசனுக்கு முந்தி, தெனமும் கொஞ்சங் கொஞ்சமா. நடுவுல மிசின் படுத்துருச்சு. ரிப்பேருக்குக் குடுத்து வாங்கிப் பாத்தா எல்லாம் போயிருச்சு. இனிமே இது கண்ணு முன்னால இருக்க வேணாம்.”

ஆச்சி கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் நடக்காதது போல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், எடுத்துக்கொண்டு போ என்று. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவது போல இருந்தது.

வீட்டில் மகள் அதைத் திறந்துவைத்தால் இருட்டுச் சுவரில் ஒரு நீல வெளிச்சம் விழும். குளத்துத் தண்ணீர் மேல் நிலா விழுந்தது மாதிரி இருக்கும். நான் சாப்பிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு, இடம் போதவில்லை, காலேஜில் காட்ட வேண்டிய வேலையை ஏற்ற முடியவில்லை என்று மகள் கவலைப்பட ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு அதைக் கொண்டுபோனோம்.

மாடியில் ஒரு அறை. வெளியே மழை. அங்கே இருந்தவர் நல்ல மனுஷர், வாய் ஓயாமல் பேசுகிறவர். லேப்டாப்பைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பெட்டியில் இருக்கிற இடத்தில் பாதிதான் கணக்கில் வருகிறது என்றார்.

எனக்குப் புரிகிற மாதிரி அவரே விளக்கினார். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிற தட்டு ஒன்று உண்டு. அதுதான் ஹார்ட் டிஸ்க். ஒரே மனையைத் தடுத்து இரண்டு வீடு கட்டுவது போல, அதைப் பாகம் பாகமாகப் பிரித்து வைக்கலாம். இந்த மெஷினில் யாரோ இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்று சும்மா கிடக்கிறது. இரண்டையும் அழித்துவிட்டு ஒன்றாக்கினால் மகளுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். மகளும் சரி என்றாள். அவளுடைய வேலைகளை ஏற்கெனவே ஃபிளாப்பிகளில் எடுத்து வைத்திருந்தாள்.

அவர் தன்னுடைய ஃபிளாப்பி ஒன்றைப் போட்டு மெஷினை எழுப்பினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. என்னவோ தட்டினார். திரை ஒரு கேள்வி கேட்டு நின்றது. அழிக்க வேண்டிய பாகத்தின் பெயரை நாமே அடித்துக் காட்டினால்தான் அழிக்குமாம். கை தவறி அழித்துவிடக் கூடாது என்று அப்படி ஒரு ஏற்பாடு. மேலே அந்தப் பெயர் தெரிந்தது. அவர் அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தார்.

சாக்கைப் பார்க்கிற பழக்கத்தில் நானும் அந்த எழுத்துகளைக் கூட்டினேன். ஏ, ஏ, சி, எச், ஐ.

ஆச்சி.

மழைச் சத்தம் நின்றுபோனது போல எனக்குத் தோன்றியது. மழை நிற்கவில்லை. என் காதுதான் அடைத்துக்கொண்டது. நான் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எழுந்து, அடித்துக்கொண்டிருந்தவரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“உதறிப் பாத்தீகளா?” என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் கூனிக் குறுகிப்போய், “அப்பா, சும்மா இருங்கப்பா” என்றாள். மில்லில் பழைய சாக்கை உதறுவதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“அண்ணே, இது சாக்கு இல்லண்ணே. உதறுனா ஒடஞ்சுதான் போகும்.”

“பேரு போட்டிருக்குல்ல. பேரு போட்டத ஒடையவுகளக் கேக்காமப் பிரிக்கிறதில்ல.”

பிறகு ஆச்சியின் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மெதுவாக அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து அழித்துக்கொண்டு வந்தார். ஏதோ பாம்புப் புற்றில் விட்ட கையை எடுப்பது போல எடுத்தார்.

நடந்தது இதுதான் என்று அவர் ஊகித்தார். மெஷின் படுத்தபோது ரிப்பேர் பார்த்தவர், கையில் இருந்த பழைய விண்டோஸைப் போட்டுவிட்டார். இரண்டாவது பாகம் புது முறையில் பிரித்தது. பழைய விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாததை இல்லை என்று சொல்லிவிட்டது. எழுத்துத் தெரியாதவனுக்கு மார்க்கு போட்ட மூட்டையும் வெறும் மூட்டைதானே, எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

அன்று மத்தியானம் முழுவதும் அவர் வேறு வேலையைத் தொடவில்லை. முதல் பாகத்தில் மட்டும் புது விண்டோஸை ஏற்றினார். இரண்டாவது பாகத்தின் பக்கமே போகவில்லை. திரையில் ஒரு நீலப் பட்டை எறும்பு ஊர்வது போல நகர்ந்தது. நானும் மகளும் பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்தோம். எனக்குக் கண் செருகியது. பட்டை நகர நகர, அந்தப் பெரிய வீட்டில் பூட்டிய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவது போலவும், கடைசிக் கதவுக்குப் பின்னால் யாரோ பால் காய்ச்சுவது போலவும் இருந்தது.

சாயங்காலம் மகள் என்னை உலுக்கினாள். திரையில் புதிதாக ஒரு பெட்டிப் படம் வந்திருந்தது. அதன் அடியில் ஆச்சி என்ற பெயர். உள்ளே வரிசையாகப் பேச்சுகள். எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒன்றைத் தட்டிக் கேட்டுப் பார்க்கலாமா என்று சென்டர்காரர் கேட்டார். அவருக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். வேண்டாம் என்றேன். முதலில் கேட்க வேண்டியவர்கள் பள்ளத்தூரில் இருந்தார்கள்.

மகளுடைய வேலையைக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இடமோ கூடவில்லை. திரும்பி வந்து புதுவயலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் சொன்னாள். “அந்தப் பாகம் அப்பிடியே இருக்கட்டும்ப்பா. நான் இருக்குறதுக்குள்ள சுருக்கிச் செஞ்சுக்கிறேன்.” அப்படியேதான் செய்தாள், தேறியும் விட்டாள்.

மறுநாள் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு இரண்டு பேரும் பள்ளத்தூர் போனோம். விஷயத்தை மகள்தான் சொன்னாள். ஐயா நம்பாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆச்சி வந்து தூணில் சாய்ந்து நின்றார். மகள் ஒன்றைத் தட்டினாள்.

முதலில் காக்கைச் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம். ஏதாவது பேசு என்று ஐயாவின் குரல். பிறகு அந்தக் குரல்.

“என்னத்தப் பேச? அடுப்புல பால் கெடக்கு, என்னைய விடுங்க.”

ஐயா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல். குரல் திரைப்பக்கம் இருந்தது, சிரிப்பு தூண்பக்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். கனவில் இருப்பது போலவே இருந்தது.

மகள் அடுத்தடுத்துத் தட்டினாள். ஆச்சி கோலப் பொடி கேட்டார், மழைக்கு முன் துணி எடுக்கச் சொன்னார், ஐயாவுக்கு மாத்திரையை நினைவுபடுத்தினார். பிறகு ஒன்றில், வாசலில் பொத்தென்று மூட்டை இறங்கும் சத்தம்.

“இந்தா, புதுவயக்காரரு வந்துட்டாக. ஒரு சொம்பு மோரு குடுங்க. கேட்டா வேணாம்பாக. கேக்காதீக, குடுத்துருங்க.”

அதற்குப் பின்னால் எங்கிருந்தோ கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி ஒரு ஆம்பளைக் குரல். “வேணாம் ஆச்சி.”

என் குரலை நான் அதற்கு முன்னால் வெளியில் இருந்து கேட்டதில்லை. இவ்வளவு சின்னதாகவா பேசுகிறோம் என்று இருந்தது. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

லேப்டாப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன். ஐயா கேட்கவில்லை. பிள்ளை படிக்கிற சாமான், அதுவும் இதுவும் ஒரே பெட்டியில் இருக்கட்டும், அந்தப் பக்கத்தை மட்டும் தொடாமல் இருந்தால் போதும் என்றார். பிறகு ஒரு நாள் சென்டர்காரர் ஒயர் போட்டு எல்லாப் பேச்சையும் கேசட்டில் இறக்கிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பள்ளத்தூரில் அன்றைக்குக் கிளம்பும் நேரம் ஆச்சியைக் காணோம். உள்ளே போயிருந்தார். தட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே ஒரு சொம்பு மோரோடு வந்து என் முன்னால் நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் விரலை ஆட்டினார். வேணாம் என்று சொல்லாமல் வாங்கி, நின்ற இடத்திலேயே முழுவதையும் குடித்தேன்.

இன்று போகி. தெருவில் பழைய பாய்களையும் துணிகளையும் போட்டுக் கொளுத்துகிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு குவியல் இருக்கிறது. நெருப்பில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் எடுத்து உதறிக்கொண்டிருந்தேன், மகளும் வந்து மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் வேண்டாம் என்று வைத்திருக்கிற எதைக் கையில் எடுத்தாலும், உள்ளிருந்து யாரோ மோர் கொடுக்கச் சொல்வது போல எனக்கு இன்னமும் இருக்கிறது.

எழுதி முடித்தது: இரண்டாயிரமாவது ஆண்டு, போகியன்று காலை.