பலகையில் இல்லாத அறை

கடற்படை விமானக் கட்டளையகத்தின் தலைமை அலுவலகத்தில் நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய பலகை. உச்சியில் தளபதியின் கட்டம். அதிலிருந்து கோடுகள் இறங்கி, பிரிவு பிரிவாகக் கிளைத்து, பெரிய வீட்டு வாரிசுப் படம் போல விரிந்திருக்கும். அந்தப் பலகையிலேயே இல்லாத ஓர் அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவள் அவள். விமானிகளின் பாராசூட்டை மடித்துப் பொதிந்து, உள்ளே செருகும் சீட்டில் கையெழுத்திடுவது அவள் வேலை. தளத்தில் எல்லோருக்கும் அவள் குடையக்கா.

அவள் அறை காணாமல் போன கதைதான் கட்டளையகத்தின் வரலாறு. கடற்படை முதல் ஆறு விமானங்களை வாங்கிய அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது. பறப்பதெல்லாம் எங்களுடையது என்றது விமானப்படை. தண்ணீருக்கு மேலே பறப்பது எங்களுடையது என்றது கடற்படை. பத்தாண்டு இழுபறிக்குப் பின் கடற்படை வென்றது. வென்ற கையோடு சண்டையை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கப்பலிலிருந்து கிளம்புகிறவர்கள் கரையிலிருந்து கிளம்புகிறவர்களை மதிக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஹெலிகாப்டர்காரர்களை மதிக்கவில்லை. எல்லோரையும் கட்டி மேய்க்க ஒரு கட்டளையகம் பிறந்தது.

புதிதாக வரும் தளபதி ஒவ்வொருவரும் மறுசீரமைப்பு என்று அறிவித்து, பெயிண்டரை வரவழைத்துக் கட்டங்களை இடம் மாற்றுவார். விமானங்கள் என்னவோ அதே விமானங்கள்தான். குடையக்காவின் அறை முதலில் பராமரிப்புப் பிரிவில் இருந்தது. பிறகு ஸ்டோருக்குப் போனது. பிறகு பறப்புப் பாதுகாப்புக்கு. கடைசி மறுசீரமைப்பில் மூன்று பேரும் வேண்டாம் என்றார்கள், பெயிண்டரும் வரையவில்லை. ஆனால் பாராசூட்டுகள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன.

அந்த ஆண்டு அவள் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். கணவன் போன பிறகு இவள் ஒற்றை ஆளாக வளர்த்த பெண். மூன்று வார விடுப்புக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்.

"நீங்க என் ஆளு இல்லையேம்மா. நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்றார் பராமரிப்பு அதிகாரி.

"ஸ்டோர்ல இருந்து உங்களை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்றார் அடுத்தவர்.

பாதுகாப்பு அதிகாரி கடிதத்தைத் தொடக்கூட இல்லை. "முதல்ல நீங்க எந்தப் பிரிவுன்னு கண்டுபிடிச்சுட்டு வாங்க."

"அப்ப நான் வேலைக்கு வராம இருந்தா யார் சார் கேப்பீங்க?"

"அதுக்கு நாங்க மூணு பேருமே கேப்போம்."

அவளிடம் இன்னொரு தாளும் இருந்தது. அறையின் கூரை ஒழுகுகிறது, பதினொரு பாராசூட்டுகள் நனைந்துவிட்டன, அவற்றைத் தனியே ஒதுக்கிவைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். நான்கு முறை அனுப்பி, நான்கு முறையும் 'உரிய பிரிவுக்கு அனுப்பவும்' என்று திரும்பி வந்த தாள்.

மகள் தொலைபேசியில் அழுதாள். "நீ வருவியா மாட்டியாம்மா? இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

"வரேண்டி கண்ணு" என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை பயிற்சி விமானம் ஒன்று கடலுக்கு மேலே தீப்பிடித்தது. விமானி குதித்தான். பாராசூட் பூப்போல விரிந்தது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தான். சீட்டில் இருந்தது குடையக்காவின் கையெழுத்து. கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அவள் அறைக்கு வந்தவன் தேம்பி அழுதான்.

"அழாதப்பா. உங்கம்மாவுக்குப் போன் பண்ணியா? முதல்ல அதைச் செய்" என்றாள்.

அன்று மாலையே தளபதி பாராட்ட வருகிறார் என்று செய்தி. அவ்வளவுதான்! மழை ஒழுகியபோது ஈ காக்கை எட்டிப் பார்க்காத அறையில் மூன்று அதிகாரிகளும் சலவைச் சட்டையோடு வந்து இறங்கினார்கள்.

"எங்க பிரிவுதான் சார், ஆரம்பத்திலேர்ந்து" என்றார் பராமரிப்பு.

"எங்க ஸ்டோர்லதான் சார் இவங்க வேலையே கத்துக்கிட்டாங்க."

"உயிர் காப்பாத்தறது பாதுகாப்பு இல்லாம வேறென்ன சார்?"

தளபதி குழம்பிப்போய் அவளையே கேட்டார். "நீங்க யார் பொறுப்பில இருக்கீங்கம்மா?"

"எனக்கும் அதுதான் சார் தெரியணும்" என்று இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தாள் குடையக்கா. "யார் பொறுப்போ அவங்க கையெழுத்துப் போடட்டும்."

மேலே இருந்தது விடுப்புக் கடிதம். மூவரும் பேனாவுக்குப் பாய்ந்தார்கள். பந்திக்கு முந்துவது போல ஒருவர் கைமேல் ஒருவர் கைவைத்து, ஒரே கடிதத்தில் மூன்று கையெழுத்து விழுந்தது.

"அடியில இருக்கறதையும் படிங்க சார்" என்றாள்.

படித்தார்கள். பராமரிப்பு அதிகாரிக்கு இருமல் வந்தது. ஸ்டோர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி, "கூரை கட்டடப் பிரிவு இல்லையா..." என்று இழுத்தார். தளபதி மூன்று கையெழுத்தையும் விரலால் தட்டினார்.

"மூணு பேர் பொறுப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே! மூணு பேரும் ஏறி அடைங்க."

ஒரே கூரைக்கு மூன்று பிரிவும் மூன்று தார்ப்பாய் கொண்டுவந்தன. எது மேலே என்று இரண்டு நாள் வாதிட்டன. அதைப் பார்க்கக் குடையக்கா இல்லை. பஸ் ஏறிவிட்டாள்.

எட்டாம் நாள் பேத்தி பிறந்தாள். பஞ்சுப் பொதி போன்ற அந்த உயிரைத் துணியில் வைத்து, சுருக்கம் நீவி, ஓரம் ஓரமாக மடித்துச் சுற்றினாள் அவள். கண்ணீர் மட்டும் கட்டுக்கு அடங்கவில்லை.

கட்டிலில் கிடந்த மகள் களைப்போடு சிரித்தாள். "போதும்மா! அவளை யாரும் வானத்துலேர்ந்து தள்ளப் போறதில்ல."