நாலு வார்த்தைச் சுருட்டு

எனக்கு ஜெர்மன் தெரியும் என்று கிளப்பிவிட்டவன் எவன் என்று இன்றுவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு ஜெர்மன் பாதிரியார் இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு உறையூர் சுருட்டு முதலாளி ஒருவர் அதை நம்பி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஹாம்பர்க்குக்கு மாதிரிப் பெட்டி போகிறது. லேபிளில் இங்கிலீஷில் ‘ஸ்ட்ராங்’ என்றிருப்பதை ஜெர்மனில் போட வேண்டும். ஆர்டர் வந்தால் எனக்குக் குமாஸ்தா வேலை. ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்த எனக்கு அந்த வேலை வேண்டும்.

அகராதியைத் திறந்தேன். எரிச்சல்தான் வந்தது. நெடிக்கு ‘ஷ்டார்க்’. கட்டுமஸ்தான உடம்புக்கு வேறு. கோட்டைச் சுவருக்கு வேறு. அதிகாரமுள்ள ராஜாவுக்கு வேறு. ஒரே ‘ஸ்ட்ராங்’குக்கு ஜெர்மனில் நாலு வார்த்தை. முதலாளியிடம் சொன்னேன்.

“நாலும் நல்ல வார்த்தையா தம்பி?”

“நல்ல வார்த்தைதாங்க. சுருட்டுக்கு ஷ்டார்க் போதும்.”

“மத்த மூணையும் கொசுறாப் போடுங்க. கொசுறு இல்லாம நம்ம கடையிலேருந்து ஒரு கட்டு வெளியே போனதுண்டா?”

“இது கத்திரிக்காய் இல்லீங்க, லேபிள்.”

“வெள்ளைக்காரன் கொசுறு வேண்டாம்பானா? போடுங்க.”

வேலை அவர் கையில். போட்டேன். நாலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்தார்கள்.

சில மாதம் கழித்து ஆர்டர் வந்தது. படித்தேன். மறுபடி படித்தேன். அந்த ஹாம்பர்க் வியாபாரி நாலையும் நாலு ரகம் என்று நினைத்துவிட்டான். எல்லாவற்றிலும் பெட்டி கேட்டிருந்தான். ராஜா ரகத்தில் மட்டும் இரண்டு மடங்கு.

“நம்மகிட்ட ஒரே ரகந்தானேங்க?”

“எழுதினது நீங்க. நாலையும் பிரிச்சுக் குடுத்துட்டு குமாஸ்தா நாற்காலியில உக்காருங்க. இல்லேன்னா மாமனார் வீட்டுக்கே போயிட்டு வாங்க.”

ஒரே கூடையிலிருந்து நாலு சுருட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். எனக்குச் சுருட்டுப் பழக்கமே கிடையாது; ஆனாலும் ஒவ்வொன்றாகப் பற்றவைத்து இழுத்தேன். முதலாவதில் இருமினேன். இரண்டாவதில் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவதிலும் அதே தண்ணீர்தான். நாலாவதில் தலை சுற்றியது. சுருட்டுச் சுற்றுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

“எதுங்க ராஜா?” என்றார் முதலாளி.

எதையாவது காட்டித் தொலைக்க வேண்டுமே என்று கையிலிருந்ததை நீட்டினேன். அவர் அதை வாங்கி, மோந்து பார்த்து, “ஆமா, தெரியுது” என்றார்.

என்ன தெரிந்ததோ. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.