புரட்டாசியில் வந்த பை

என் அப்பாவின் காரியத்திலேயே சாஸ்திரிகளைச் சிரிக்க வைத்தவன் நான். மண்டையில் முடி நிற்காது, வாயில் பேச்சு நிற்காது. இரண்டுக்கும் வைத்தியம் இல்லை என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வேன்.

கல்யாணமாகித் தில்லை நகர் போன மகள், முதலில் தினமும் போன் செய்வாள். ஒருநாள், "அவர் தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டாருப்பா" என்றாள்.

"காலித் தட்டுதானே? உன் சமையலை முழுசா சாப்பிட்டிருக்காரே, தைரியசாலிதான்!"

சிரித்துவிட்டாள். சிரித்தால் பிரச்சினை தீர்ந்தது என்பது என் சித்தாந்தம்.

முதல் ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். அவளையும் அழைத்து வந்தோம். பதினெட்டாம் பெருக்குக்குக் காவேரிக் கரையில் சித்ரான்னம் சாப்பிட்டோம். மாதம் முடிந்ததும் கொண்டுபோய் விட்டோம். புரட்டாசியில் ஒரு மத்தியானம், தனியாக, பெரிய பையோடு ஸ்ரீரங்கத்து வாசலில் வந்து நின்றாள். நான் விடுவேனா?

"என்னம்மா, ஆடி போயி ஆவணியும் போயிடுச்சு. உங்க வீட்டுல காலண்டர் கிழிக்க ஆள் இல்லையா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சும்மா பாக்க வந்தேம்ப்பா." காபி குடித்தாள். சாயங்காலம் நான்தான் பையைத் தூக்கிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். "என்ன இந்தக் கனம், உள்ள மாமியாரா?" என்று அதற்கும் ஒரு ஜோக்.

தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த மனைவி, திரும்பி வந்து நான் சொன்னதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். "அவ்ளோ கனமா? அவ திரும்பிப் போறதுக்கு வரலைங்க."

அதன்பிறகு போன் வருவதில்லை. நாங்கள் செய்தாலும், "நல்லாருக்கேம்ப்பா" என்பதோடு சரி.

போன வாரம் நானே போனேன். கதவைத் திறந்தவளின் மணிக்கட்டில் கட்டு.

"கையில என்னம்மா?"

"அப்பளம் பொரிச்சேன். அப்பளம் தப்பிச்சுடுச்சு, நான் பொரிஞ்சுட்டேன்."

அசல் என் வாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவி. அடக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை நேராகச் சொன்னேன். "என்னோட வந்துடும்மா. இப்பவே."

"ஆடி வரட்டும்ப்பா." சிரித்துக்கொண்டே சொன்னாள். உள்ளே மாப்பிள்ளை செருமும் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி மணி அடித்தேன், திறக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறும்போது கேட்டேவிட்டார்.

"என்ன சார், தனியா சிரிச்சுக்கிட்டு வர்றீங்க? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல."