உசாத்துணையில் வாப்பா

உயர்தரம் படிக்கும்போது என் கட்டுரைகளைத் தமிழ் ஆசிரியை வகுப்பில் வாசித்துக் காட்டுவார். கல்முனையில் சாச்சி வீட்டில் தங்கிப் படித்த காலம் அது. "இயற்கை அன்னையின் மடியில்" என்று தொடங்கினால் பாதிப் புள்ளி வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தைரியத்தோடுதான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன்.

சமூகவியலில் எழுதிக் கொடுக்க வேண்டிய முதல் ஒப்படை, சொந்த ஊரில் நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றியது. எங்கள் ஊர் வரிப்பத்தான்சேனை. வாப்பா வயல் செய்கிறவர். வயலுக்குள் யானைகள் வருவதைப் பற்றி எழுதினேன். "அன்று தொட்டு அமைதி தவழ்ந்த எம் கிராமத்தில் யானையின் காலடி பட்டதே இல்லை" என்ற வரியை விடுதியில் பக்கத்துக் கட்டில்காரிக்கு வாசித்தும் காட்டினேன்.

ஒப்படை திரும்பி வந்தபோது அந்த வரிக்கு நேரே விரிவுரையாளர் பென்சிலால் எழுதியிருந்தார்: "எப்போது தொட்டு? யார் சொன்னது?" திருத்தி மீண்டும் தரும்படி கீழே ஒரு குறிப்பு. அழுகை வந்துவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு அவருடைய அறைக்குப் போனேன்.

"மேடம், இது எங்கட வாப்பா சொன்னது. சின்ன வயசில இருந்தே கேட்டிருக்கேன்."

"அப்ப வாப்பா சொன்னார் எண்டே எழுதுங்க. பேர், ஊர், கேட்ட திகதி எல்லாம் கடைசிப் பக்கத்தில, உசாத்துணைப் பட்டியலில வரணும்" என்றார். "ஆனா எழுதத்தான் கேக்கிற எண்டு அவரிட்ட முதலே சொல்லிருங்க."

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தேன். ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு வாப்பாவிடம் கதையைத் தொடங்கினேன்.

"யானை வந்ததே இல்லை எண்டு சொல்லுவீங்களே வாப்பா, அதை உங்கட பேரப் போட்டு எழுதப் போறேன்."

சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "பேரப் போட்டா?"

"ஓம். கெம்பஸில குடுக்கிறதுக்கு."

சந்தியில் நின்றால் மற்றவர்களைக் கதைக்கவிடாத மனிதர், என் கையில் இருந்த கொப்பியை எட்டிப் பார்த்தார். பிறகு, "வந்ததே இல்லை எண்டு போடாத புள்ள. எப்பவாவது வந்திரிக்கும். இப்ப மாதிரி இல்லை எண்டு போடு" என்றார்.

எழுதிக்கொண்டேன்.

"எங்கட வயல் பக்கம் எண்டும் போடு. மத்தப் பக்கம் எனக்குத் தெரியா."

குசினியில் இருந்து உம்மா வந்தார். "நம்மட கலியாணத்துக்கு முந்தின போகத்தில யானை வந்து உங்கட வயல் காவல் வாடிய முறிச்சதே? விடியும் வரைக்கும் மரத்தில இருந்த எண்டு நீங்கதானே சொன்ன."

"அது ஒத்த யானை."

"ஒத்த யானையும் யானைதானே."

வாப்பா சிரித்துவிட்டார். "சரி, அதையும் எழுது. உம்மா சொன்ன எண்டு போடு."

பின்னேரம் வரை இப்படியே போனது. தான் சொன்னதில் பாதியை வாப்பா தானே வெட்டிவிட்டார். மிஞ்சியது இவ்வளவுதான்: அவருடைய வயல் பக்கம் முன்பு எப்போதாவது ஒற்றை யானை வந்தது, இப்போது நெல் விளைந்து வேளாண்மை வெட்டும் நேரம் பார்த்துக் கூட்டமாக வருகின்றன. ஓர் உவமைகூட இல்லாமல் நான் ஒரு பக்கத்தை நிரப்பியது அதுதான் முதல் தடவை. கை கூசியது. ஆனால் யார் வந்து கேட்டாலும் வாப்பா அந்த வரிகளை மாற்றமாட்டார் என்று தெரிந்ததால் பயமில்லாமல் எழுதினேன்.

ஒப்படை தேறியது. புள்ளி ஒன்றும் பெரிதில்லை. உம்மா சொன்னதை எழுதிய இடத்தில், "இவரிடம் இன்னும் விரிவாகக் கேட்டிருக்கலாம்" என்று மேடம் எழுதியிருந்தார்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"உம்மாட பேரு எனக்கு மேல இரிக்கி."

"அது அகர வரிசை வாப்பா."

"ம்" என்றவர், இன்னொரு தரம் வாசித்தார். குசினிக்குள் உம்மா சிரிப்பது கேட்டது.

இப்போது மூன்றாம் வருடம். போன் எடுத்து ஊர்ப் புதினம் எதைக் கேட்டாலும் வாப்பா முதலில், "எழுதவா, சும்மா கதைக்கவா?" என்கிறார். சும்மாதான் என்றால் வெகுநேரம் கதைப்பார்.