ஓடைக்கரையில் பூ கேட்டது

பிள்ளைகளா, நம் கோயிலில் பூ கேட்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. அன்றைக்கு அய்யனார் காலடியில் கிடந்த அந்த இரண்டு பொட்டலங்களில்தான் என் பிழைப்பும் இருந்தது.

கல்லாகிப்போன கடல் நத்தைகளை ஆராய, வெளிநாட்டு டாக்டரம்மாவும் சென்னைப் பேராசிரியரும் சேர்ந்து நம் ஓடைக்கு வந்திருந்தார்கள். நான் ஜீப் ஓட்டினேன். அந்தம்மாவின் கொஞ்சம் தமிழையும் என் கொஞ்சம் இங்கிலீஷையும் வைத்துப் பேச்சையும் ஓட்டினேன். ஆபீஸ் அனுமதி கையில் இருந்தது. ஆனால் ஓடைக்கரை அய்யனாருடைய இடம். "ஊரைக் கேட்டீங்களா?" என்று அந்தம்மா கேட்டபோது பேராசிரியர் ஆபீஸ் காகிதத்தையே திரும்பக் காட்டினார். அதனால்தான் பூ கேட்க உட்கார்ந்தோம். வெள்ளை வந்தால் தோண்டலாம்.

பொட்டலம் கட்டிய பூசாரி, உங்கள் அம்மாவுக்குப் பெரியப்பா. "கேக்க வந்தது நீங்க, நீங்களே எடுங்கம்மா" என்றார். டாக்டரம்மா முட்டி போட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

பேராசிரியர் என் காதோரம் குனிந்தார். "யோவ், ரெண்டுலயும் செவப்புதான் இருக்கும். அந்த இன்னொண்ணப் பிரி. இல்லேன்னா நாளையிலேர்ந்து ஒனக்கு வேலை இல்ல."

அது பூசாரி காதிலும் விழுந்துவிட்டது. "பிரிங்க மாப்ள, பொண்ணு குடுத்த வூட்டையே சோதிச்சுப் பாருங்க" என்று சிரித்தார். கூடியிருந்தவர்களில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

பிரித்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. பிரிக்காவிட்டால் சோற்றுக்கு வழியில்லை. எழுந்திருக்கவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இருந்தேன். பெரியப்பா மேல் எனக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை.

என்ன பேச்சு என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். இந்த ஓடைக்காகப் பல வருஷம் காத்திருந்தவருக்கு முகம் வாடிப்போனது. பிறகு தன் தமிழில், "கேட்டோம். பதில் வந்தது. போதும்" என்றார். பூசாரியைக் கும்பிட்டுவிட்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அந்தம்மாவின் மரியாதையை ஊர் இன்றைக்கும் மெச்சுகிறது. நானும் மெச்சுகிறேன். ஆனாலும் வேலை போனது எனக்குத்தான். மறுவாரமே எறையூர் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டப் போனேன்.

அன்று எல்லோரும் கலைந்த பிறகு, பிரிக்காத பொட்டலம் அங்கேயே கிடந்தது. எடுத்து அழுத்திப் பார்த்தேன். வெள்ளையோ சிவப்போ, விரலுக்கு எல்லாம் ஒன்றுதான். நார் முடிச்சில் நகத்தை வைத்தேன். பிறகு முடிச்சை அவிழ்க்காமல் ஓடைத் தண்ணீரில் விட்டேன்.