தீக்கென்று வைத்த தண்ணீர்

யுத்த காலத்துக் கோடை ஒன்றில், பென்னாகரம் பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்த நர்சம்மாவைப் பார்த்தேன். உயரமான, ஒடிசலான உடம்பு. கூரை வேய்ந்த வார்டைச் சுற்றி, தீப்பிடித்தால் ஊற்றவென்று தண்ணீர்ப் பீப்பாய்கள் வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் அவற்றில் கையை விட்டு அளவு பார்ப்பார்.

அன்று கிணறு வற்றிவிட்டது. தண்ணீர் வண்டியும் வரவில்லை. கால் முறிந்து கிடந்த என் அண்ணன் நாக்கு வறண்டு தவித்தார். நான் செம்போடு ஒரு பீப்பாய்ப் பக்கம் போனேன். நர்சம்மா குறுக்கே வந்து நின்றார்.

"ஒரு செம்புதானுங்க! இங்க என்னிக்காச்சும் தீப்பிடிச்சிருக்கா?"

"இல்லீங்க. பிடிச்சா நீங்க ஓடிருவீங்க. கட்டுப்போட்டுக் கெடக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

அதற்குள் மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்களும் குடங்களோடு சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவரைத் தள்ளக் கை ஓங்கினார். ஆனாலும் நர்சம்மா நகரவில்லை.

உள்ளேயிருந்து அண்ணன் கத்தினார்: "டேய், அந்தம்மாவ விடுடா! ஓட முடியாதவன் நான்தானே? தண்ணி அங்கியே இருக்கட்டும்."

கூட்டம் மெல்லக் கலைந்தது. பொழுது சாயும்போது வண்டி வந்தது. எல்லோரும் குடித்த பிறகுதான் நர்சம்மா குடித்தார்.

நாங்கள் அங்கிருந்தவரை தீப்பிடிக்கவில்லை. வண்டி வராமலே போயிருந்தால் அவரைப் பற்றி என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.