பூஜைக்கு வைத்த சர்வர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை என்னுடையது. விழிஞ்ஞத்தில் மீன்பிடிக்காரர்களுக்கு வலையும் நைலான் கயிறும் கொடுக்கிற கடை, அதுவும் என்னுடையது. வித்துராவில் ரப்பர் தோட்டக்காரர்களுக்குப் பால் வெட்டுகிற கத்தியும் மழை மறைப்பு பிளாஸ்டிக்கும் விற்கிற கடையை அங்கே போட்டதும் நான்தான். கிள்ளிப்பாலம் பக்கம் ஒரு கிடங்கு, வலியசாலைக்குப் பின்னால் மாடி வைத்த வீடு. இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பணகுடியிலிருந்து வந்து தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மலையாளத்தில் ஒரு எழுத்து தெரியாது. பஸ் போர்டைப் படிக்கத் தெரியாததால் பஸ்ஸின் நிறத்தையும் டிரைவரின் மீசையையும் பார்த்து ஏறினவன் நான். அதெல்லாம் இருக்கட்டும். நான் கட்டியதில் இன்னொன்று உண்டு. அதை மட்டும் இந்த ஊர் என் பேரில் எழுத மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்களும் படியுங்கள், என்னைப் போல வந்து சேர்ந்தவர்களும் படியுங்கள்.

முதலில் இங்கத்தைய ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் ஆயுத பூஜை என்றால் ஒரு சாயங்காலம். தராசைக் கழுவி, கல்லாப்பெட்டிக்குப் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்து, மறுநாள் காலையில் வியாபாரம். இங்கே அப்படியில்லை. அஷ்டமி சாயங்காலம் புத்தகத்தையும் கருவியையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். அதுவரைக்கும் ஒரு எழுத்து எழுத மாட்டார்கள், படிக்கவும் மாட்டார்கள். வந்த புதிதில் நான் குடியிருந்த வீட்டுக்காரர், வாசலில் வந்து விழுந்த பேப்பரைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து, நேற்று எங்கெங்கே மழை என்று வாயால் விசாரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கடை வைத்தபோது நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பொரிகடலை நம் ஊர் முறை, நாள் கணக்கு இந்த ஊர் முறை. சோறு போடுகிற ஊரின் சாமியைக் கோபப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மூன்று கடைக்கும் மூன்று கம்ப்யூட்டர் வாங்கினேன். மூன்றும் பாதி நேரம் சும்மா கிடந்தன. விழிஞ்ஞத்தில் கயிறு கூரை முட்டக் கிடக்கும், வித்துராவில் கயிறு இல்லை என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றின் வயிற்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. அப்போது கடைத்தெருவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அதில் பிந்து என்று ஒரு பெண் எஞ்சினீயர். பெரிய பெட்டி ஒன்றை வாங்கி ஒரே இடத்தில் வைத்தால் எல்லாக் கடையும் போன் லைன் வழியாக அதில் கணக்கு எழுதலாம், அதற்கு சர்வர் என்று பேர் என்றாள். விலையைக் கேட்டேன். எனக்கு ஒருத்தனுக்கு அவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று தோன்றியது. தெரிந்த வியாபாரிகள் நாலு பேரைப் பிடித்தேன். பாத்திரக்கடை, அரிசி மண்டி, மருந்து மொத்த வியாபாரம், அப்புறம் விழிஞ்ஞத்தில் ஐஸ் பாக்டரி வைத்திருக்கும் லாசர். பெட்டி என் கடையின் பின்னறையில். ஏனென்றால் ஜெனரேட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். இந்தத் தெருவில் அப்போது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம் இது. வெவ்வேறு சாதி, வெவ்வேறு மதம், வெவ்வேறு சரக்கு. ஐந்து பேர் கணக்கும் ஒரே பெட்டியில்.

அந்த வருஷம் நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் தராசு, கத்தரிக்கோல், பில் புத்தகம் எல்லாவற்றையும் வைத்தோம். பெட்டியையும் அணைத்து, சந்தனம் தொட்டு, செவ்வந்தி மாலை போட்டேன். ஓடுகிற இயந்திரத்துக்குப் பூஜை போட முடியுமா? லாரியை ஓட்டிக்கொண்டே யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை. மற்ற மூன்று பேரும் கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். லாசரை நான் நினைக்கவில்லை என்பதல்ல. நம்மோடு சேர்ந்தவர், நம்மோடு லீவு எடுத்துக்கொள்வார் என்று இருந்தேன்.

நவமியன்று காலையில் லாசரின் ஜீப் வந்து நின்றது. அன்றைக்கு விழிஞ்ஞத்தில் மீன் அள்ளிக் கொட்டியிருக்கிறது. வள்ளக்காரர்கள் ஐஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். யாருக்கு எவ்வளவு பற்று, யாருக்கு எத்தனை கட்டி என்கிற விவரம் முழுக்க என் பின்னறையில், மாலைக்குள்ளே. லாசர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வாசலில் நின்று நிதானமாகத்தான் கேட்டார்.

“அண்ணாச்சி, நான் மாதாவைக் கும்பிடுறவன். உங்க சரஸ்வதி வந்து எனக்கு ஐஸ் உடைச்சுத் தருவாளா?”

“பெட்டி என் கடையில இருக்கு. கரண்டு என்னோடது. சாமியும் என்னோடது.”

“கணக்கு என்னோடதல்லோ.”

லாசர் பிரிந்தால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிரிவார்கள், நான் கூட்டிய கூட்டு அன்றோடு போச்சு என்று எனக்குத் தெரிந்தது. பெட்டியைப் போடு என்று என் கணக்குப்பிள்ளை மாதவனிடம் சொன்னேன். மாதவன் நெய்யாற்றின்கரைக்காரர், பக்திமான். பூஜைக்கு வைத்தால் வைத்ததுதான், விஜயதசமி விடியாமல் என் கை அதில் படாது என்று சொல்லிவிட்டார். பிந்துவுக்குப் போன் போட்டு வரவழைத்தேன். படித்த பெண், அவளாவது போடுவாள் என்று பார்த்தால், அவளும் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் படித்த எஞ்சினீயரிங் புத்தகங்களெல்லாம் வீட்டில் பூஜையில் இருக்கிறதாம். நான் தொட மாட்டேன், எந்த பட்டன் என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்கிறாள். நான் போடலாம்தான். ஆனால் மாலை போட்ட கையாலேயே நடுவில் மாலையை எடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

அப்புறம் எனக்குத் தோன்றியது. லாசரே, இதைப் பூஜைக்கு வைத்தது நாங்கள், நீர் வைக்கவில்லை, அதனால் நீர் எடுத்தால் தோஷம் இல்லை என்றேன். மாதவன் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று தலையாட்டினார். லாசர் செருப்பை வாசலில் கழற்றினார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போய், மாலையை அலுங்காமல் தூக்கிப் பிடித்து, பிந்து வாசலிலிருந்து சொல்லச் சொல்ல பட்டனை அழுத்தினார். பெட்டி இரைந்தது. தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார். பொரிகடலை கொடுத்து அனுப்பினேன்.

லாசர் போனதும் பிந்துவைக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் அவளிடம் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

“மோளே, அடுத்த வருஷம் என் கணக்கு மட்டும் தூங்கணும். லாசரோடது ஓடணும். பெட்டி ஒண்ணுதான். அதுக்கு வழி பாரு.”

“ஒரு மெஷினாணு அண்ணாச்சி. பாதி உறங்கி பாதி முழிச்சிருக்காது.”

“ஒரே வீட்டுல நான் தூங்கிறப்ப என் வீட்டுக்காரி டிவி பாக்கலையா? வழி பாரு.”

அவள் சிரித்துவிட்டுப் போனாள். நான் விடவில்லை. பில் கொடுக்க வந்தாலும் கேட்டேன், பெட்டியைத் துடைக்க ஆள் அனுப்பினாலும் அந்த ஆளிடம் சொல்லிவிட்டேன். அவளும் எங்கெங்கோ படித்திருக்கிறாள், யார் யாரிடமோ விசாரித்திருக்கிறாள். கடைசியில் வந்து, வழி இருக்கிறது, வெளிநாட்டில் பெரிய கம்பெனிகள் செய்கிறார்கள் என்றாள். ஒரே பெட்டிக்குள் ஐந்து கம்ப்யூட்டர். உண்மையில் ஐந்து இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். ஒன்று மக்கர் பண்ணினால் அடுத்ததற்குத் தெரியாது. ஒன்றை உறங்க வைத்தால் மற்ற நாலும் நடக்கும். விர்ச்சுவல் மெஷின் என்று பேர். எந்த வயரை எங்கே செருகினாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். வேலை முழுக்க அவளுடையது.

அதில் வேறு லாபமும் வந்தது. மழைக்கு முன்னால் தார்ப்பாய் வியாபாரம் சூடாக இருக்கும், அப்போது பெட்டியின் பலத்தில் எனக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பாள். மழை இறங்கினால் பல கடற்கரைகளின் வள்ளங்கள் விழிஞ்ஞத்தில் வந்து ஒதுங்கும், ஐஸ் பறக்கும். அப்போது என் பங்கில் கிள்ளி லாசருக்குக் கொடுப்பாள். புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். அரிசி மண்டிக்காரருடைய மெஷின் நின்றுபோனாலும் எனக்கு பில் ஓடிக்கொண்டிருக்கும். வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அடுத்த நவராத்திரி வந்தது. அஷ்டமி சாயங்காலம் பிந்து என் மெஷினை மட்டும் உறங்க வைக்க வந்து உட்கார்ந்தாள். திரையில் ஐந்து பேர் பெயரும் வரிசையாகத் தெரிந்தன. பெட்டிக்குச் சந்தனம் வைத்தால் லாசருக்கும் வைத்ததாகிவிடும் என்று மாதவன் சொன்னதால், திரைக் கண்ணாடியில் என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பொட்டு வைத்தேன். மெஷின் உறங்கப் போனதும் என் பெயர் வரிசையில் கீழே இறங்கிவிட்டது. பொட்டு நின்ற இடத்தில் லாசர் பெயர் வந்து உட்கார்ந்தது. மறுநாள் வந்து பார்த்தவர், எனக்கும் கிடைச்சாச்சு என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அவருடைய ஐஸ் ஒரு கட்டிகூடத் தாமதமாகவில்லை.

பிந்துவின் கம்பெனி இதையே கொண்டுபோய் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சீட்டு நடத்துகிற சிட்டிக் கம்பெனி என்று எல்லாருக்கும் செய்து கொடுத்துப் பெரிதானது. கழக்கூட்டம் பக்கம் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். என் பின்னறைப் பெட்டியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது என் கணக்கு எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வாடகை மட்டும் கட்டுகிறேன். கிளவுடு என்கிறார்கள், மேகமாம். எனக்குப் பயமில்லை. இருந்த இடத்தை விட்டுப் போய், பார்க்காத ஊரில் வாடகைக்கு இருந்து வேலை செய்து பிழைப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அந்தக் கம்பெனி முதலாளி பேசினார். எங்கள் வளர்ச்சியெல்லாம் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கியது என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு அண்ணாச்சி, சாமிக்காக மெஷினை நிறுத்த வேண்டும் என்றார், அதிலிருந்து வந்த யோசனை இது என்றார். கூட்டம் சிரித்தது. ஒரு அண்ணாச்சி. அவ்வளவுதான். மேடையில் இருந்த பிந்து என்னைப் பார்த்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்து அவரிடம் போய், அந்தக் கதையில் ஒரு குறை இருக்கிறது என்றேன். என் தோளில் கை போட்டு, “அண்ணாச்சிக்கு பில்லுல ஏதாச்சும் குறைக்கணுமோ? செய்யாம்” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு தமிழன் அவரிடம் வந்து நின்றால் விலையைக் குறைக்கத்தான் வந்திருப்பான் என்று நினைத்துவிட்டார்.

இந்த ஊரில் கயிறு விற்கிறவனும் அண்ணாச்சி, இஸ்திரி போடுகிறவனும் அண்ணாச்சி, முறுக்கு விற்கிறவனும் அண்ணாச்சி. மரியாதைச் சொல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பேர் இல்லை. சரி, ஊருக்குப் போனாலாவது பேர் இருக்கிறதா? தங்கச்சி மகன் கல்யாணத்துக்குப் பணகுடி போனபோது, பத்திரிகையில் வரவேற்கிறவர்கள் வரிசையில் எல்லார் பேரையும் அச்சடித்துவிட்டு என்னை மட்டும் ‘திருவனந்தபுரம் மாமா’ என்று போட்டிருந்தார்கள். பந்தியில், மலையாளத்துக்காரருக்கு சாம்பார் ஊற்றுங்கள் என்று ஒரு குரல். அங்கே நான் இந்த ஊர், இங்கே நான் அந்த ஊர்.

அதனால் அந்த முதலாளிக்கும் சங்கத்துக்கும் இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன். பில்லில் ஒரு ரூபாய் குறைக்க வேண்டாம். வேலை பிந்துவுடையது, பட்டன் அழுத்தியது லாசர், இரண்டையும் சொல்லுங்கள். கேள்வி என்னுடையது. அடுத்த கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது என் பேரைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் சொன்னாலும் போதும். செல்லத்துரை. பணகுடி செல்லத்துரை, சாலைக் கடைத்தெரு. இரண்டு ஊரையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை விட்டால் நான் பாதி ஆள்தான்.